ருணபாரம்

முன்பணம் வாங்கிய பதினோராம் நாள்
வீடு வாங்குகிறவரின் வக்கீல் போன் செய்தார்:
அம்மா, ஈசியில் ஒரு வரி இருக்கிறதே.

எண்பத்தெட்டாம் வருஷத்து வரி.
ஸ்ரீராமபுரம், இருபதுக்கு முப்பது,
இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு அடமானம்.
கட்டி முடித்தாயிற்றே என்றேன்.
கட்டியது வங்கிக்குத் தெரியும்,
பத்திர ஆபீசுக்குத் தெரியாதே என்றார்.

அந்த வங்கியே இப்போது இல்லை.
அதை ஒரு பெரிய வங்கி விழுங்கி
அதை இன்னொன்று விழுங்கி
மூன்றாவதன் ஏசிக் குளிரில்
நாற்பத்தேழாம் டோக்கனோடு நான்.
இந்தக் கடன் என்னைவிட மூத்தது மேடம் என்று
சிரித்தான் மேனேஜர் பையன்.

பீன்யாவில் ஒரு கிடங்கு.
மூன்று வாரம் கழித்து
கரையான் மிச்சம் வைத்த லெட்ஜர் வந்தது.
அறுபது தவணை. அறுபதிலும் சீல்.
ஐம்பத்தாறில் எத்திராஜ் கையெழுத்து,
'ஜ்' வழக்கம்போல் கோட்டைவிட்டு இறங்கி.
நடுவே நான்கு மட்டும்
உருண்டை உருண்டையாய்க் கன்னடத்தில்.
சென்னவீரப்பா. ஜாமீன் போட்டவர்.

தொண்ணூற்றொன்று டிசம்பர்.
தொண்ணூற்றிரண்டு ஜனவரி, பிப்ரவரி, மார்ச்.

அந்த டிசம்பரில் நாங்கள்
பூட்டை இழுத்துப் பார்க்கக்கூட நிற்காமல்
ஓசூர் தாண்டினோம்.
திருப்பத்தூரில் நாத்தனார் வீட்டுப் பின்கட்டில்
நான்கு மாதம்.
வட்டி ஏறியிருக்கும் என்று பயந்துகொண்டே
ஏப்ரலில் வங்கிக்குப் போன மனுஷன்
ஒன்றுமில்லை என்று வந்து படுத்தார்.
மில் மூடிய பிறகும்
ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும்
வேறொன்றும் சொன்னதில்லை.

திருப்பிக் கொடுத்தாரா?
லெட்ஜரில் அதற்குக் கட்டம் கிடையாது.

அந்த மனிதரின் மகள் கிரிஜா கல்யாணத்துக்கு
நான் போகவில்லை.
பத்திரிகையை அவர் கையாலேயே கொண்டுவந்து தந்தார்.
எல்லாரும் ஒன்றுதான் என்று
அடுப்படியில் நின்று,
அவர் காதில் விழட்டும் என்றே சொன்னேன்.

ராஜாஜிநகரில் ரத்துப் பத்திரம் பதிந்தார்கள்.
கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறதாம்,
மெஷின் மூன்று தடவை என்னை மறுத்தது.
புது ஈசியில் அந்த வரி இருக்காது என்று நினைத்திருந்தேன்.
இருந்தது. அப்படியேதான் இருக்குமாம்.
கீழே இன்னொரு வரி ஏறுமாம், விடுவித்ததாக.
அதுதான் முறை என்றார் வக்கீல்.

நாம் வில்லங்கம் என்கிறோம்.
காகிதத்தின் தலையில் வேறு என்னவோ இருந்தது.
நாற்பது வருஷமாய் பஸ் போர்டு படித்த கன்னடத்தில்
எழுத்துக்கூட்டினேன்:
ரு, ண, பா, ர.

தவணை அறுநூற்று இருபத்து மூன்று.
நான்குக்கு இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
முப்பது சொச்ச வருஷத்து வட்டியை
எந்தக் கணக்கில் போடுவது?
விற்பனைப் பத்திரம் வெள்ளிக்கிழமை. இன்று புதன்.
ரேஷன் கடையில் விசாரித்து வாங்கிய நம்பர்,
கிரிஜா நாகரபாவியில் இருக்கிறாளாம்.

நான்கு முறை அடித்தது.
"யாரு?" என்றது ஒரு குரல்.
தமிழா, கன்னடமா,
தெரியவில்லை.