நூற்று ஐம்பத்தொன்று

தாசி துறைமுகத்துக்கு இழுவைப் படகுகள்
மதியம் இரண்டுக்கு மேல்தான் வரும்.
சிவப்பு இறால் ஒரு பக்கம்,
கண் பெருத்த ஆழ்கடல் மீன் ஒரு பக்கம்,
பெயர் சொல்லி ஏலம் போகாத மிச்சமெல்லாம்
நீலக் கூடையில்.
யீலான் வாத்துகளுக்குத் தீவனம், எதுவானாலும் ஒரே விலை.
என் வேலை அந்த நீலக் கூடையில்.

வார்சிடோ எனக்காக ஒதுக்கி வைப்பான்.
ஜாவாவில் தெகல் ஊர்க்காரன், ஏழு வருடமாய் இதே படகு.
"வால் நுனியத் தொட்டுப் பார்ப்பேன்,
குத்துச்சுன்னா உங்களுது."
இதுவரை தப்பவில்லை.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு.
பாம்பு விலாங்கு வாலை யாருக்கும் காட்டாது.
துடுப்பில்லாத, இறுகிய அந்த நுனியால்
மணலைத் துளைத்துப்
பின்பக்கமாகவே வீடு புகும்.
தலை மட்டும் வாசலில்.
தலைகளோ
எல்லாம் ஒரே தலை.

அதனால் எண்ணுகிறோம்.
சளியைத் துடைத்து, காற்றை ஊதி,
தாடையோரத் துளைகள் நான்கா ஐந்தா.
முதுகுத் துடுப்பு
மார்புத் துடுப்பின் முனைக்கு முன்னால் தொடங்குகிறதா,
ஓர் அரிசி தள்ளியா.
அண்ணத்தில் பல் ஒற்றை வரிசையா, இரட்டையா.
நிறத்தைக் கேட்காதீர்கள்.
ஃபார்மலினில் ஒரு மாதம் கிடந்தால்
புள்ளி வைத்ததும் வைக்காததும்
ஆறிப்போன தேநீர்.

நவம்பர் மழையில் ஒருநாள் பி-ச்சூ ஃபோன் செய்தாள்.
நாலு கிலோ களவாவை அறுத்தாளாம்,
குடலுக்கும் விலாவுக்கும் நடுவே
சுருண்டு காய்ந்த ஒரு கயிறு.
வாங்க வந்தவர் புழு என்று மீனையே தள்ளிவிட்டார்.
"மீன் காசு நீதான் தரணும்."
தந்தேன்.
மீனை அவளே சூப்புக்கு வைத்துக்கொண்டாள்,
கயிறு எனக்கு, தேநீர்ப் பொட்டலத்தில்.

உயிரோடு விழுங்கியிருக்கிறது.
முன்னால் இருட்டு;
இது வழக்கம்போலப் பின்னால் போயிருக்கிறது.
இரைப்பைச் சுவரை மணல் என்று குத்தித் திறந்து
வெளியே வந்தது.
வெளியே என்று பார்த்தால் இன்னோர் உள்ளே.
களவா சாகவில்லை.
விருந்தாளியைச் சுற்றி ஒரு சவ்வு போர்த்திவிட்டு
அடுத்த இரைக்குப் போய்விட்டது.
எத்தனை மாதம் இப்படித் திரிந்தார்களோ இருவரும்.

தோல் இல்லை, ஆகவே துளைகள் இல்லை.
எங்கே தொடங்கியதென்று சொல்ல
துடுப்பே இல்லை.
எக்ஸ்ரே எடுத்தேன்.
முள்ளெலும்பு மணிமணியாய், வளைந்த இடத்தில் நெருங்கி.
பென்சில் முனையால் எண்ணினேன்: நூற்று நாற்பத்தெட்டு.
கண்ணைத் தேய்த்துவிட்டு: நூற்று ஐம்பத்தொன்று.
மறுநாள் காலை, சாப்பிடாமல்: நூற்று ஐம்பத்தொன்று.

இந்தத் தீவைச் சுற்றி இதுபோல் இரண்டுதான் எங்களுக்குத் தெரியும்.
ஒன்று நூற்று நாற்பத்தொன்பதோடு நின்றுவிடும்.
மற்றது நூற்று ஐம்பத்து மூன்றில்தான் ஆரம்பிக்கும்.
இடையில் மூன்று எண்கள்,
குடி யாரும் இல்லாத தெரு.

"வால் நுனி உடைஞ்சிருக்கும்,
ரெண்டு எலும்பு விட்டுப்போச்சு," என்றார் பேராசிரியர் ஷாவ்.
லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
உடையவில்லை.
அதை வைத்துத்தானே அது வந்தது.

புதிய இனம் என்று அறிவிக்க
ஒரேயொரு உடல் போதாது, அதுவும் தோலில்லாமல்.
பழைய பெயர் எதையும் கொடுக்க
என் கை ஒப்பவில்லை.
சீட்டில் பென்சிலால் எழுதினேன்:
இடம், தேதி, களவா வயிற்றுக்குள்,
கண்டெடுத்தவர் பி-ச்சூ.
இனம் என்ற இடத்தில் எண்ணை மட்டும்.

"பேர் என்ன வச்சீங்க?" வார்சிடோ கேட்டான்.
சொன்னேன். சிரித்தான்.
"படகு அட்டையில என் பேரே தப்பு.
மூணு சீன எழுத்து, வாசிச்சா வேற யாரோ.
கூப்பிட்டா வந்துடுறேன், என்ன."

அவன் கவிழ்த்த கூடையில் ஒன்று இன்னும் உயிரோடு.
எங்கள் இருவரையும் பார்த்தபடி,
வால் முதலாக,
ஐஸுக்குள் போய்க்கொண்டிருந்தது.