சுவரோரம் ஒரு விரல்

பாடாங் செராயில் மேல்மாடிக்கு வாடகை குறைவு.
கீழே பூசைச் சாமான் கடை.
நாங்கள் கயிறு தாண்டினால்
அங்கே குத்துவிளக்குகள் பல்லைக் கடிக்கும்.
இருபது பேர் சேர்ந்து தாண்டினால்
கைமணிகள் தாமாகவே ஆரத்திக்குக் கிளம்பிவிடும்.
மாணிக்கவேலு படியேறி வந்து
ஒன்றும் சொல்லாமல் நிற்பார்.
திட்டியிருந்தால் பரவாயில்லை.

முன்பு இங்கே டியூஷன் சென்டர் இருந்தது.
உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் போட்ட சிமெண்டு.
மூன்றே மாதத்தில் பிள்ளைகளுக்குக் கணைக்கால் வலி.
ஹேமலோஷினி மட்டும் வலிக்கவில்லை என்றாள்,
நொண்டிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை நானும் குணாளனும்
சுங்கைப்பட்டாணிக்கு வேனில் போனோம்.
கையில் நாலாயிரத்து இருநூறு வெள்ளி,
அதில் எண்ணூறு கோயில் கொடுத்தது, ரசீதோடு.
தவுக்கே மாதிரிகளைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.
நான் செருப்பைக் கழற்றினேன்.
தரையைக் கையால் தடவி வாங்குகிறவர்களை
எனக்குப் பிடிக்காது.

முதலில் புதிர்மெத்தை. நீலம், மஞ்சள், ஓரமெல்லாம் பல்.
ஏறி நின்றேன். இனிமையாக அமுங்கியது.
அந்த இனிமைதான் ஆபத்து.
வலது குத்து விடும்போது
பின்னங்கால் குதி திரும்ப வேண்டும்.
மெத்தை பிடித்துக்கொண்டால்
இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது.
நடுவில் இருப்பது என்ன செய்யும்?
என் முழங்காலைக் கேளுங்கள்.
ஈப்போவில், இரண்டாம் சுற்றில்,
யாருமே என்னை அடிக்காதபோது போனது அது.

அடுத்து, மரம்போல நடிக்கும் வினைல்.
அழகு. கல்யாண மண்டபத்துக்கு ஆகும்.
கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.
கடைப்பையன் துடைக்க ஓடி வருவதற்குள்
குணாளனே வழுக்கிக் காட்டிவிட்டான்.

கடைசியாகக் கறுப்பு.
பழைய லாரி டயரை அரைத்து அழுத்திய ரப்பர் பாளம்.
எட்டு மில்லி, பன்னிரண்டு மில்லி.
"உங்க ஊரு சாமான்தானே" என்று சிரித்தார் தவுக்கே.
எங்கள் ஊரில் இப்போது செம்பனைதான்.
அம்மா பால் வெட்டியது உண்மை,
அவள் தலைமுடியில் ஓட்டுப்பால் நாறியதும் உண்மை.
இது அந்த நாற்றமில்லை. இது டயர்.
இரண்டையும் முடிச்சுப் போட்டு உருக எனக்கு நேரமில்லை.
பன்னிரண்டு மில்லி, சதுர அடி என்ன விலை?

சொன்னார்.
முக்கால் கூடத்துக்குத்தான் வரும்.
எட்டு என்றால் முழுசும் போடலாம்.
பாதியில் நிற்கிற தரை
கடன்காரன் வீடு மாதிரி இருக்கும் என்றான் குணாளன்.
நான் எட்டில் ஒருமுறை குதித்தேன்,
பன்னிரண்டில் ஒருமுறை.
எட்டு, தன் அடியிலிருந்த சிமெண்டைப் பற்றியே பேசியது.
பன்னிரண்டு வாயே திறக்கவில்லை,
என்னை மட்டும் திருப்பி அனுப்பியது.

பைகள் தொங்குமிடம், கயிறு தாண்டுமிடம், அவ்வளவுதான்.
பெற்றோர் நின்று போன் பார்க்கிற மூலைக்குச் சிமெண்டே போதும்.

விரித்தவர் பிம் பகதூர்.
செம்பனைத் தோட்டத்துக் காவலாளி,
எங்களிடம் வரும் ஒரே இடதுகைக் குத்துக்காரர்,
முன்னே கத்தாரில் தரை போட்டவர்.
சுவரோடு ஒட்டி நெருக்குங்கள் என்றேன்.
முடியாது என்று தலையாட்டி
ஓரமாக ஒரு விரல் இடம் விட்டார்.
"பானாஸ்" என்று தகரக் கூரையைக் காட்டினார்.
வெயிலில் இதற்கு உடம்பு ஊதும்.
ஒதுங்க இடமில்லாவிட்டால்
நடுவில் எழுந்து நிற்கும்.

அந்த இடுக்கில் இப்போது
ஒரு தோடு, இருபது காசு,
யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாத
ஒரு பால்பல்.

வியாழக்கிழமை மாணிக்கவேலு ஏறி வந்தார்.
தரையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.
"விளக்கு ஆடலைன்னா எனக்கு மணியே தெரியலம்மா.
நேத்து பத்து மணி வரைக்கும்
கடையத் தொறந்து வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

அன்றிலிருந்து ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
ஹேமலோஷினி சிமெண்டுப் பக்கம் போய்
இரண்டு காலாலும்
மூன்று முறை குதிக்கிறாள்.