கேட்கும் கோல்

தண்ணீர் மீட்டர் படிப்பது என் வேலை.
போர்ட் லூயியில் பதினெட்டு வருஷம்,
கதவு கதவாக, நாய் நாயாக.
இந்த ஆண்டு மேலாளர்
இன்னொரு தாளையும் கையில் திணித்தார்:
நகராட்சி பேட்டைதோறும் பலகை வைக்கிறதாம்,
பெயர் வந்த கதை, முப்பது சொல்லுக்குள்.
"எல்லா வீடும் தெரிந்தவன் நீதானே, வீரப்பென்,
போகிற போக்கில் கேட்டு எழுதி வா."

போகிற போக்கில் கேட்டேன்.

ப்ளேன் வெர்த் என்றால் பசும் வெளி.
அங்கே பச்சை என்று இருப்பது
மசூதிக் கதவும் துணிக்கடைத் தார்ப்பாயும்.
ஷான் தெ மார்ஸ், போர்க்கடவுளின் திடல்.
சனிக்கிழமை குதிரைகள் ஓடுகின்றன,
தோற்றவர்கள் சீட்டைக் கிழித்துப்போட்டு
பேருந்துக்கு நடக்கிறார்கள்.
காம் தெ மலபார். இதை எழுதும்போது பேனா நின்றது.
கிழக்குக் கரையில் கப்பல் ஏறியவர்களுக்கு
மேற்குக் கரையின் பெயரை வைத்தவன்
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தானோ,
பிடிக்கவே இல்லையோ.
அழைத்த பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டோம்.
அருணாசலம் அர்னாசெலோம் ஆன ஊரில்
பேட்டை மட்டும் எப்படித் தப்பும்?

பிறகு த்ராங்க்பார்.
மலையடிவாரம். ஏறிக்கொண்டே போகும் சந்துகள்.

மெக்கானிக் கிளிஃபோர்ட் லாபோந்தே வண்டிக்கு அடியிலிருந்தே சொன்னான்:
இங்கே ஒரு குடிக்கடை இருந்தது, சண்டையே வராது,
த்ராங்கில் பார், அமைதியான பார். அவ்வளவுதான், எழுதிக்கொள்.
கடைக்கார ஆ-கியோன் எண்ணெய்க் கையைத் துடைத்தார்:
நான் கடை போட்டபோதே பெயர் இருந்தது,
வாடகைதான் புதுசு புதுசாக வருகிறது.
ஒன்பதாம் எண் மாதாம் சூபென்
மீட்டர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி:
இந்தியாவில் ஒரு கோட்டையாம், டென்மார்க்காரன் கட்டினானாம்.
அவனுக்கு அங்கே என்ன வேலை? அதை விடு,
என் பில் ஏன் இப்படி ஏறுகிறது?

எல்லாக் குழாயும் மூடியிருந்தன.
எண் சுழன்றுகொண்டிருந்தது.

தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தூங்கியவனுக்கும்
இவ்வளவு நினைவிருக்கிறது.
தரங்கம்பாடி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
நடுவில் இருந்த 'ங்'கை மூக்கில் ஏற்றிக்கொண்டு,
'ட'வை 'ர்' ஆக்கி,
கடைசி இகரத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு
யாரோ கரையேறியிருக்கிறார்கள்.
சரி, அலை எங்கே?
துறைமுகம் கீழே, அரை மணி நடை.
காற்று எந்தப் பக்கம் மாறினாலும் இங்கே கேட்பது
குக்கர் விசில், ஸ்கூட்டர்,
செகா பாட்டு வழியும் ஒரு ஜன்னல்.

மாதாம் சூபெனின் கசிவைத் தேட
இரவு பதினொன்றுக்குத் திரும்பி வந்தேன்.
தெரு ஓய்ந்தால்தான் தண்ணீர் பேசும்.
கேட்கும் கோலின் ஒரு முனை குழாயில்,
மறுமுனை காதெலும்பில்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தார் ரோட்டுக்கு மூன்றடி கீழே
நீளமாக ஒரு ஸ்ஸ்ஸ்,
ஏறி, இறங்கி,
ஏறி.
முட்டி போட்டபடியே ரொம்ப நேரம் இருந்துவிட்டேன்.
ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

காலையில் இரண்டு தாளையும் நிரப்பிக் கொடுத்தேன்.
மாற்றி நிரப்பியிருக்கிறாய் என்று மேலாளர் திட்டினார்.
பலகைக்கான தாளில் இருந்தது இது:
இடம், த்ராங்க்பார். குழாய் பழையது.
கசிவு உண்டு. தொடங்கிய ஆண்டு தெரியாது.
அளவு குறைவு. நிற்கவில்லை.

திருத்தித் தரச் சொன்னார்.
செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து
ஒன்பதாம் எண் முன்னால் தோண்டுவார்களாம்.
தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.