முன்னால் நாலு, பின்னால் ஐந்து

மலாட் கணவாய் ஏற்றத்தில்
மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினேன்.
பின்சீட்டுக்குக் கீழே
யாரோ எலும்பைக் கடித்தார்கள்.
அப்புறம் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது,
சக்கரங்கள் சும்மா கேட்டுக்கொண்டு நின்றன.

குற்றம் என்னுடையது.
அறுபத்தைந்தாம் வருடத்து காமெட்,
ஆறு சிலிண்டரோடு பிறந்தது.
போன வசந்தத்தில் எட்டு சிலிண்டரை ஏற்றினேன்.
தோளைப் பெருக்கிவிட்டு
இடுப்பை மறந்தவள் நான்.

போகடெல்லோவுக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்கு.
வரிசையாக எக்ஸ்ப்ளோரர்கள்,
கூரை நசுங்கியவை, முகமில்லாதவை.
ஒன்றின் பின்சீட்டில் குழந்தையின் ஒற்றைக் காலுறை.
எப்படிக் கவிழ்ந்தது என்று நான் கேட்கவில்லை.
"நூற்றைம்பது டாலர், டிஸ்க் பிரேக்கும் சேர்த்து.
கழற்றுவது உன் பாடு" என்றான் ரூபெல்.
தரையில் பனி. ஒரே ஒரு போல்ட்
மதியம் முழுவதையும் தின்றது.

அந்த ஆக்சிலுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.
என் வண்டிக்கோ மூன்று அங்குலம் அதிகம்.
இடப்பக்கக் குழலை அறுத்துக் குறுக்கினேன்.
உள்ளே போக வேறொரு விபத்திலிருந்து
இன்னொரு குட்டை ஷாஃப்ட் வாங்கி வந்தேன்.
இப்போது என் காமெட்டுக்கு
இரண்டும் வலது கை.

உருளைக்கிழங்கு வயல்களுக்குத்
தண்ணீர்க் குழாய் ஒட்டுவது என் பிழைப்பு.
அங்கே ஒட்டு விட்டால் ஒரு பாத்தி சேறாகும்.
இங்கே விட்டால் என்ன ஆகுமென்று
நினைக்காமல் முகமூடியை இறக்கினேன்.

இரவு பதினொன்று.
ஜாக்கியிலிருந்து ஆக்சில் நழுவித்
தரையில் விழுந்த சத்தத்தில்
தெருவே ஒருமுறை எழுந்து படுத்தது.

பைஜாமாவும் டார்ச்சுமாக ஓடி வந்தான்
பக்கத்து வீட்டு ஆரின்.
என் முற்றத்தில் செத்த வண்டிகள் கிடப்பதாகக்
கவுண்டிக்கு எழுதிப்போட்டவன்.
இரண்டு வருடமாக வேலிக்கு மேல்
வணக்கம்கூடக் கடந்ததில்லை.

"நெல்டா, அடியிலா கிடக்கிறாய்?"
"பக்கத்தில்."
மூச்சை விட்டான். போய்விடுவான் என்று பார்த்தேன்.
சிமெண்டில் மல்லாந்து
ஒரு நுனியைப் பிடித்தான்.

தொங்கவிட்டபடி இதை ஒட்டக் கூடாது.
சக்கரம் தரையைத் தொட்டு,
வண்டி தன் பாரம் முழுவதையும் கொடுத்து உட்கார்ந்த பிறகுதான்
பினியன் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று தெரியும்.
காமெட்டோ உட்கார மறுத்தது.
புதுப் பட்டைகள், விறைப்பு.

"டிக்கியில் ஏறு" என்றேன்.
ஏறினான்.
முழங்காலைக் கட்டிக்கொண்டு
தபாலில் வந்த பெட்டி மாதிரி அவன் இருக்க,
கோணமானியின் குமிழி நகர்ந்தது.
நான்கு டிகிரி. மூன்றரை.
"கொஞ்சம் பின்னால் சாய்."
மூன்று.
"அசையாதே."

நான்கு பொட்டுகள் வைத்தேன், நீல வெளிச்சத்தில்.
அவன் கண்ணை மூடிக்கொண்டு
உள்ளிருந்தே கேட்டான்:
"மொத்தம் எத்தனை வண்டி இங்கே?"
"ஆறு."
"ஐந்து என்றுதான் எழுதினேன்."

முன்சக்கரத்துக்கு நாலு போல்ட்,
பின்சக்கரத்துக்கு ஐந்து.
முன்பக்கத்துக்குப் பணம் சேரும்வரை
இரண்டு ஸ்டெப்னி சுமக்கிறேன்.
பஞ்சர் கடைப் பையன் எண்ணினான்,
மறுபடி எண்ணினான்,
ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறன்று மலாட் ஏறினேன்.
அதே வளைவு, அதே இரண்டாம் கியர்.
பின்னால் சத்தமே இல்லை.
அதனால்தான் கேட்டது
நடுவில், இருக்கைக்குக் கீழே,
ஷாஃப்டின் மூட்டில்
ஒரு சின்ன 'டக்'.
அடுத்தது நான் என்கிறது போல.

பழைய ஆக்சில் வேலியோரம் கிடக்கிறது,
பாதி என் பக்கம், பாதி அவன் பக்கம்.
கவுண்டியிலிருந்து
இன்னும் கடிதம் வரவில்லை.