முள் ரப்பர்

லேயர் நகரம், பள்ளிக்கூட ஜிம், வியாழன் இரவு.
தரையெங்கும் ஐந்து விளையாட்டுகளின் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன.
எங்கள் விளையாட்டுக்கென்று அதில் ஒரு கோடும் இல்லை.
மாவட்ட லீக், மூன்றாம் பிரிவு.
அதற்குக் கீழே பிரிவு கிடையாது.

பந்தின் எடை மூன்று கிராம்கூடத் தேறாது.
நான் பால் லாரி ஓட்டுகிறவள்.
இருபத்து நாலு டன்னை
பண்ணைச் சந்துக்குள் பின்பக்கமாய் நுழைக்கத் தெரியும்.
இதை
வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பத் தெரியவில்லை.

எதிரே ஹில்கோ யான்சென். பல் செட்டு செய்கிறவர்.
மட்டையின் ஒரு முகம் சிவப்பு, வழவழப்பு.
மறுமுகம் கறுப்பு. நீள நீளமாய் ரப்பர் முட்கள்,
முள்ளம்பன்றிக் குட்டியின் முதுகு போல.
அவர் அடிப்பதே இல்லை. அந்தக் கறுப்பைக் காட்டுவார்.
நான் கீழ்ச்சுழல் கொடுத்தால் மேல்சுழலாய்த் திரும்பும்,
வாங்கித் தள்ளினால் கூரைக்குப் போகும்.
ஆவேசமாய் மேலே சுழற்றினாலோ
கீழ்ச்சுழலாய் வந்து என் மட்டையில் வழுக்கி
வலையின் காலடியில் விழும்.
மூன்று வருடமாய் என் கடனை
என்னிடமே வசூலித்துக்கொண்டிருக்கிறார்,
முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

முதல் வருடம் மட்டையைக் குறை சொன்னேன்.
நூற்று எண்பது யூரோவுக்குப் புதுசு வாங்கினேன்.
பந்து இன்னும் வேகமாய் வெளியே போனது.
அடுத்த வருடம் விளக்கின் கூச்சத்தை.
அதற்கடுத்து என் மணிக்கட்டை,
பிறகு என் அம்மாவின் மணிக்கட்டை.

வீப்கேதான் கேட்டாள், மூன்றாம் மேசையிலிருந்து,
மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்:
"ரிவர்ஸ் எடுக்கும்போது
ஸ்டியரிங்கை இப்படியா நெரிப்பாய்?"

விரல்களைப் பார்த்தேன்.
எலும்பு வெளுத்திருந்தது.

ஞாயிறு காலைகளில் சாவியை வாங்கிக்கொண்டேன்.
ஒரு வாளி, அறுபது பந்து, எதிர் மூலையில்
ஒரு காலி டீ டப்பா.
முதல் வாரம் நான்கு பந்து டப்பாவைத் தொட்டது.
குனிந்து பொறுக்குவதே பயிற்சியில் பாதி;
மீதிப் பாதி, பொறுக்கும்போது திட்டாமல் இருப்பது.
பூப்பந்துக்காரர்களின் மஞ்சள் கோட்டை
என் கால்களுக்குக் கடன் வாங்கினேன்:
அடித்ததும் அங்கே திரும்பு.
அடித்ததை நின்று ரசிக்காதே.
திரும்பு.
அக்டோபரில் பதினொன்று, நவம்பரில் பத்தொன்பது.
டிசம்பரில் மறுபடி ஒன்பது. ஏனென்று தெரியாது.

நேற்று ஐந்தாம் செட். ஒன்பதுக்கு ஒன்பது.
தோள் தானாகக் காதுவரை ஏறியது,
அதன் பழைய இடம் அது.
இறக்கினேன். மூச்சை விட்டேன்.
என் சர்வ்.
சுழல் இருப்பதாய் மணிக்கட்டு பாவனை செய்ய
ஒன்றுமே இல்லாத பந்தைக் கொடுத்தேன்.
முட்கள் தேடின. திருப்பித் தர என் சரக்கு ஏதுமில்லை.
பந்து மிதந்து வந்தது,
விருந்துக்கு வழி கேட்டு வருகிறவன் மாதிரி.
தளர்ந்த விரலோடு மூலையில் வைத்தேன்.
பத்துக்கு ஒன்பது.

இரண்டாவது காலிப் பந்துக்கு
ஹில்கோ மட்டையைப் புரட்டினார்.
சிவப்பு. பந்து என்னைக் கடந்த பிறகே
சத்தம் வந்தது.
அப்புறம் வலை. அப்புறம் மீண்டும் வலை.
பத்துக்குப் பன்னிரண்டு.

கைகுலுக்கும்போது கையை விடவில்லை.
"அந்தக் காலிப் பந்து, எங்கே வாங்கினாய்?"
"டீ டப்பாவில்."
முதல் தடவையாய் ஹில்கோ சிரித்தார்.
பற்கள் அவர் செய்தவைதானோ என்னவோ,
நல்ல வரிசை.

இன்று காலை நாலரை மணி, பனிமூட்டம்,
பண்ணைச் சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கிறேன்.
மட்டையை எப்போது புரட்டினார்?
கண் பந்தில் இருந்தது, கையில் இருந்திருக்க வேண்டும்.
இருபத்து நாலு டன்
இரண்டு விரலில் திரும்புகிறது.
வேலியோரம் ஒரு மாடு
அசைபோட்டபடி
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.