அரை மூச்சு

ஹட்டன் நீதிமன்றத்தில் எனக்கு
தமிழைச் சிங்களமாக்கும் வேலை.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இந்த முறை காகிதம் இல்லை, ஒலிப்பதிவு.
நாற்பத்தொரு நிமிடம்.
தகரத்தில் மழை,
போத்தல் மூடி உருண்டு போகும் சத்தம்,
பிறகு நிஹாலின் குரல்;
என் தமிழைவிடச் சுத்தம்.
"லொறிக்கு ஆள் வேணும் தம்பி.
மாசம் தொண்ணூறாயிரம்.
ஆனா முதலாளிக்குப் பயந்தாங்கொள்ளி ஆகாது.
நீ என்ன செஞ்சிருக்கே, சொல்லு."

சவரிராஜ் முதலில் சொன்னது
கோழி திருடியதை.
நிஹால் விட்ட கொட்டாவி
பதிவில் தெளிவாகக் கேட்கிறது.
அடுத்து, சீசன் நேரம் நல்லதண்ணியில்
யாரோ ஒருவரின் ஓட்டோவில்
பெட்ரோல் உறிஞ்சியதை.
"அவ்வளவுதானா?"

மழை கனக்கிறது.
ஒரு சிரிப்பு. அரை மூச்சளவு.
"கிளாக்கர முடிச்சது நான்தான் அண்ணே.
கவ்வாத்துக் கத்தி.
மவுசாகலைத் தண்ணியில வீசிட்டேன்."

முடிச்சதுக்குச் சிங்களத்தில் சொல் உண்டு.
அண்ணேக்கும் உண்டு.
அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது?
ஓரத்தில் எழுதினேன்: சிரிக்கிறான்.
வாசித்த சார்ஜன் விரலால் தட்டினார்:
"பாருங்க, கொன்னுட்டுச் சிரிக்கிறான்."
அடித்துவிட்டேன்.
சிரிப்பு இல்லாத அந்த வரி
இன்னும் மோசமாக இருந்தது.

கிளாக்கர் செத்தது பங்குனிக் கடைசியில்.
அந்த மாதம் நீர்த்தேக்கம் வற்றி
மூழ்கிய பழைய கோயில்
இடுப்பளவு வெளியே நின்றது.
நானும் பார்க்கப் போனேன்,
பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.
கத்தியை வீசியிருந்தால்
வெடித்த சேற்றில் குத்தி நின்றிருக்கும்
சனம் பார்க்க.
இது பதிவில் இல்லை.
பதிவில் இல்லாததற்குக் கூலியும் இல்லை.
என்னை யாரும் கேட்கவில்லை,
நானும்.

பொலிசிடம் சொன்னது செல்லாது
என்கிறார் சட்டத்தரணி.
பொலிஸ் என்று தெரியாமல்
கூட்டாளியிடம் சொன்னது?
அவர் கண்ணாடியைத் துடைக்கிறார்,
துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

பதினாலு மாத விளக்கமறியல்.
கூண்டில் ஏறியதும் சவரிராஜ்
நீதவானைப் பார்ப்பதில்லை,
வாசலைப் பார்க்கிறான்.
இன்று வாய் திறந்தான்:
"நிஹால் அண்ணனக் கூப்பிடுங்க ஐயா.
சும்மா சொன்னேன்னு
அவருக்குத் தெரியும்."

ஒரு சொல் பிசகாமல்
மொழிபெயர்த்தேன்.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.