அறுபத்தோராம் படிவம்

கொழும்பிலிருந்து வந்த கேள்விகள் பதினொன்று.
ஆங்கிலத்தில் பிறந்து, சிங்களத்தைத் தொட்டு,
தமிழுக்கு வந்து சேரும்போது
ஈரம் ஏறிய பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தன.

மஸ்கெலியா, மேல் டிவிசன், மூன்றாம் லயம்.
மூன்று மணிக்கே மூடுபனி.
அட்டை கடித்த காலைச் சவர்க்காரத்தால் தேய்த்துவிட்டு
வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"எப்போதாவது தன்னுணர்விழப்பு ஏற்பட்டதுண்டா?"
புஷ்பலீலா முழித்தாள்.
நினைவு தப்பினதுண்டான்னு கேக்குறாங்க, என்றேன்.
"தப்பியிருந்தா அது எப்படிங்க எனக்கு நினைவிருக்கும்?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
'இல்லை'யின் கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

கை கால் தானாக இழுத்ததுண்டா?
இல்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டா?
"பாக்கு மெல்லும்போது."
அதற்குக் கட்டம் இல்லை.

காலையில், இரண்டாம் லயத்துத் தங்கேஸ்வரன்
எல்லாவற்றுக்கும் ஆம் என்றிருந்தான்.
வெறும் வயிற்றோடு பிரட்டுக்கு நின்று
தலை சுற்றி விழுகிறவன்.
எட்டுப் புள்ளி. கண்டி கிளினிக்குக்குத் துண்டு கொடுத்தேன்.
அவனுக்கு ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும்.

புஷ்பலீலா பிளேன்டீ தந்தாள்.
டம்ளர் நசுங்கியிருந்தது.
அடுக்கில் கவிழ்த்திருந்த மூன்றும்.
ஒரு பீங்கான் கோப்பை இல்லை அந்த வீட்டில்.
முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு
வழவழத்த தோல்.
"கேத்தல் சாஞ்சிருச்சு" என்றாள்,
நான் கேட்காமலே.

பீலியடியில் செபமாலை மறித்தாள்.
"அவகிட்ட கேட்டா அவளுக்கென்ன தெரியும்?
நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்குறவ நான்.
அப்பன் கொழும்புக் கடையில.
விடிய நாலரைக்கு டம்ளர் பறக்கும்,
அப்புறம் சுவர் தட்டும்.
ஓடிப்போயி ஒருச்சாய்ச்சுப் போட்டு வாயத் தொடப்பேன்.
எந்திரிச்சு, ஏன்க்கா அழுகுறன்னு கேப்பா."

குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.
"எழுதிறாத.
செங்குத்து மலையில ஏத்தாம விட்டா நல்லதுதான்.
தொர பேரையே வெட்டிருவான்.
பொண்ணு கேட்டு வேற வந்திருக்காங்க."

பஸ்ஸில் கூட்டிப் பார்த்தேன்.
வலிப்பு இல்லாதவனுக்கு எட்டு.
இருக்கிறவளுக்குப் பூச்சியம்.
இந்தப் படிவத்தை எவ்வளவு நம்பலாம் என்று
ஆய்வு முடிந்ததும் சொல்வார்கள்,
தசமத்துக்குப் பின் இரண்டு இடம் வரை.

எதையும் திருத்தவில்லை.
பின்பக்கத்தில் மட்டும், பென்சிலால்:
டம்ளர் நான்கு. நான்கும் நசுங்கியவை.

அழிறப்பர் பையில்தான் இருக்கிறது.